ஒட்டு மரு

அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டார்கள்.

போட்டோக் கடைக்காரர் பெருமையோடுதான் எடுத்துக் காட்டினார். பெரிய படம், கறுப்பு மரச்சட்டம், மேலே பளபளக்கும் கண்ணாடி.

"எப்படி வந்திருக்கு பாருங்க. மரு ஒண்ணு விடாம எடுத்துட்டேன். பத்து வயசு குறைஞ்சுட்டாருல்ல?"

குறைந்துதான் இருந்தார். துணிக்கடை வாசலில் சட்டை மாட்டி நிற்குமே ஒரு பொம்மை, அதைப் போல இருந்தார். கண்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. கன்னங்களில் ஒன்றுமில்லை. வலது நெற்றிப்பொட்டு வழவழவென்று இருந்தது. மூக்கும் மீசையும் மட்டும் அப்பாவுடையவை.

"யார் எடுக்கச் சொன்னது?"

"அவர் வேலை பாத்த கண்ணாடிக் கடையிலேர்ந்துதான். சின்னவர் போன் பண்ணினாரு. கடையில மாட்டப் போறோம், முகத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்கன்னாரு."

சுத்தம். என் அப்பா தினமும் இரண்டு வேளை முகம் கழுவி, சோப்பு மணக்க வேலைக்குப் போனவர். அவர் முகத்தில் அழுக்கு இருந்ததே இல்லை. இருந்தது மரு.

சுத்தம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அப்பா இறந்தது இதயம் நின்றதால். துக்கம் கேட்க வந்த உறவினர்களில் ஒருவர், நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, அம்மாவிடம் கேட்டார்: "அந்த மருதான் உள்ள இறங்கிடுச்சா?" அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். மரு உள்ளே இறங்காது. அது மேல்தோலில் வளர்வது, மேல்தோலிலேயே இருப்பது. என் வேலை எனக்குத் தெரியும். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்கிறவள் நான்.

அப்பாவின் வேலை வேறு. மூக்குக் கண்ணாடிக் கடையில், கண்ணாடியை ஆளின் முகத்தில் உட்கார வைப்பவர். கண்ணைச் சோதிப்பவர் வேறொருவர். சோதனை முடிந்து, லென்ஸ் தீட்டி, பிரேமில் ஏற்றிய பிறகு அப்பாவின் முறை வரும். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் அங்கே தவறினால் மற்றதெல்லாம் வீண். மூக்கில் தழும்பு விழும், காதுக்குப் பின்னால் புண் வரும், படிக்கும்போது தலை சுற்றும்.

கடையின் முன்பக்கம், தெருவைப் பார்த்த கதவுக்குப் பக்கத்தில், ஓர் உயரமான நாற்காலி இருந்தது. வந்தவர் அதில் உட்காருவார். அப்பா எதிரே ஸ்டூலில். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "என் திறந்த கண்ணை மட்டும் பாருங்க," என்பார். சின்ன ஸ்கேலால் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே அளப்பார். காதுக்குப் போகும் கம்பியைச் சூடான காற்றில் காட்டி, இளகியதும் கட்டைவிரலால் வளைப்பார். மாட்டுவார், கழற்றுவார், மறுபடியும் மாட்டுவார்.

"யாரோட ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது," என்பார். "லெவல் பாக்காம வெச்சு அனுப்பிட்டாங்க. நாமதான் இங்க சரி பண்ணணும்."

அப்பாவின் முகத்தில் மரு எப்போது வந்தது என்று கேட்டால் அம்மா சொல்வாள்: "கல்யாணத்தப்ப நாலு இருந்துச்சு. மிச்சமெல்லாம் என் சமையல்ல விளைஞ்சது." கண்ணுக்குக் கீழேயும் கன்ன மேட்டிலும் கறுப்பாக, குண்டூசித் தலை அளவில். வருஷம் போகப் போகப் பெருகின. அப்பாவின் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அப்படியே இருந்தன. எனக்கும் முப்பதைத் தாண்டியதும் இடது கண்ணின் கீழே ஒன்று எட்டிப்பார்த்துவிட்டது. குடும்பச் சொத்து. மாநிறமும் கறுப்புமான தோலில் இது கொள்ளை கொள்ளையாக வரும். வலி இல்லை, அரிப்பு இல்லை. யாருக்கும் ஒட்டாது. காலர் உரசும் கழுத்தில் மட்டும் வேறு வகை: மெல்லிய காம்பில் தொங்கும் தோல் நிறத்துத் துணுக்குகள். தோல் தோலோடும் துணியோடும் உரசும் இடத்தில், வயதானால், கொஞ்சம் சதை போட்டால் வருவது. அதுவும் ஒன்றும் செய்யாது.

இந்த முகத்துக்குக் கடையில் ஒரு பெயர் வைத்தார்கள். மிளகு. வாடிக்கையாளர்கள் வரை அது பரவியது. கதவைத் தள்ளும்போதே கேட்பார்கள்: "மிளகு இருக்காரா?"

அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "இருக்கேன். இன்னும் அரைக்கல."

அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "வருத்தமா? போன்லயே 'மிளகு பேசறேன்'னுதான் சொல்லுவாரு," என்றாள்.

வினை வந்தது வேறொன்றால். வலது நெற்றிப்பொட்டில், சட்டைப் பொத்தான் அகலத்துக்கு, பழுப்பாக, சொரசொரப்பாக ஒன்று கிளம்பியது. களிமண்ணை உருட்டி அப்பி வைத்தது போல. நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்துவிடும் என்று தோன்றும். வராது. அப்பாவின் சொந்தக் கண்ணாடிக் கம்பி அதில் உரசியது. ஊருக்கெல்லாம் கம்பி வளைப்பவருக்குத் தன் கம்பி சரிப்படவில்லை. தோல் டாக்டரிடம் போனார். அவர் விளக்குப் பொருத்திய ஒரு லென்ஸால் பார்த்துவிட்டு, இதெல்லாம் வயசானா வருவதுதான் என்று சொன்னாராம். பெயர் கேட்டிருக்கிறார் அப்பா. ஆங்கிலப் பெயர் நீளமாக இருந்ததால் டாக்டர் தமிழில் சுருக்கினார்: "ஒட்டு மருன்னு வெச்சுக்கங்க. தோல் மேல ஒட்டி வெச்ச மாதிரி இருக்குல்ல, அதான்."

அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. நேரே கடைக்குப் போனார். பணம் வாங்கிப் போடும் கல்லா அக்கா கேட்டாள்.

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"ஒட்டு மருவாம்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் யாரோ பில்லோடு வந்து நின்றுவிட்டார்கள். கல்லா அக்கா பில்லைப் பார்த்தாள். அப்பா ஸ்டூலுக்குப் போனார். அன்று டீ வந்தபோது அக்கா சின்னவரிடம் சொல்லியிருக்கிறாள்: "அவருக்கு ஒட்டுற மருவாம்."

ஓர் எழுத்து. ஒட்டு என்றால் ஒட்டி வைத்தது. ஒட்டுற என்றால் அடுத்தவர் மேல் போய் ஒட்டிக்கொள்வது. ஒரே ஒரு எழுத்து கூடியது. அது அப்பாவின் நாற்காலியைக் கொண்டுபோய்விட்டது.

சின்னவர் என்பது கடை முதலாளியின் மகன். பெரியவர் படுத்த பிறகு கடையைப் பார்த்துக்கொள்கிறவர். அப்பாவிடம் கம்பி வளைக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்து, நான்கு பிரேமை உடைத்துவிட்டு, கணக்குப் பக்கம் போனவர். அப்பாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அண்ணே, கொஞ்ச நாளைக்கு உள்ள மெஷினைப் பாத்துக்கங்களேன். முன்னாடி, புதுசா வேலைக்குச் சேர்ந்த அந்தப் பொண்ணு பழகட்டும்."

"பழகட்டும். நான் பக்கத்துல இருந்து சொல்லித் தரேன்."

"அது வேணாம்ணே. உள்ளயே இருங்க."

"நான் எதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"சேச்சே. முகத்துக்குப் பக்கத்துல போற வேலை பாருங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

யார் அந்த நாலு பேர்? நான் பின்னால் கேட்டுப் பார்த்தேன். ஒரு ஆள் பெயர்கூட வரவில்லை. பேசியது இரண்டே பேர். ஒருவர் கல்லாவில் இருந்தார், இன்னொருவர் கணக்கு மேசையில் இருந்தார்.

உள்ளே என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. லென்ஸ் தீட்டும் இயந்திரம் நாள் முழுக்கக் கிறீச்சிடும். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தீட்டிய தூளெல்லாம் கரைந்து வெள்ளைக் கூழாகத் தொட்டியில் தேங்கும். அதை அள்ளிக் கொட்ட வேண்டும். அங்கே முகம் எதுவும் வராது. பிரேமும் லென்ஸும் ஒரு தட்டில் வரும், தட்டில் போகும்.

அம்மாவிடம் அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "மிளகை அரைக்கற எடத்துக்கே அனுப்பிட்டாங்க."

இதை நகைச்சுவையாக அவர் சொன்னார் என்பதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவரை அல்ல.

சில நாள் கழித்து டீக் கப்புகளைக் கழுவி வைக்கும் இடத்தில் அப்பாவின் கப் மட்டும் இல்லை. தேடினார். மெஷின் அறை வாசலில், தரையோரம், ஒரு தகரத் தட்டில் தனியாக இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து டீ குடிப்பதை விட்டுவிட்டார். "வயித்துக்கு ஒத்துக்கல," என்றார் வீட்டில்.

அவருக்கு ஒட்டும் என்ற பேச்சு தெரியாது. அவர் நினைத்தது வேறு: தன் முகம் பார்க்கச் சகிக்காமல் போய்விட்டது. இத்தனை வருஷம் ஊரார் முகத்துக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தைத் தேட ஆரம்பித்தார். செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரே வாரத்தில் மரு உதிரும். இயற்கையானது. பக்க விளைவு இல்லை. வாங்கிவிட்டார்.

அம்மா எனக்குப் போன் செய்தாள். "உங்கப்பா முகத்தை வந்து பாரு," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தேன்.

அப்பா ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கூடத்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்தேன். நெற்றிப்பொட்டில் தோல் வெந்து, கறுப்பாகப் பொருக்குத் தட்டி, சுற்றிலும் சிவந்து கிடந்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே இன்னொரு புண்.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல. லேசா எரிச்சல்."

"லேசாவா? கண்ணுக்குள்ள போயிருந்தா?"

"போகாதும்மா. பஞ்சுல தொட்டுத்தான் வெச்சேன்."

"கை நடுங்காம வெச்சாராம்," என்றாள் அம்மா. "தொழில்காரர்ல."

குப்பைக் கூடையிலிருந்து அந்த டியூபை எடுத்தேன். அட்டையில் பச்சை இலை படம். பின்னால் எறும்பு அளவு எழுத்தில் உள்ளே இருப்பதன் பெயர். அமிலம். லேபில் நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு தொடுவது. அதன்மேல் ஒரு இலையின் படத்தை ஒட்டி, கண்ணுக்குக் கீழே தடவிக்கொள்ளச் சொல்லி விற்கிறார்கள். விற்கிறவனுக்கு முகம் இல்லை, முகவரி இல்லை. அட்டையில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை.

"இத்தனை வருஷமா இருந்துச்சுல்ல. உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல." துண்டை வாங்கி மடித்தார். "நாற்காலி போயிடுச்சு. இது போனா அது வரும்னு பாத்தேன்."

அவரை உள்ளே அனுப்பிய விஷயமே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் டியூபைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏன் சார், நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? விட்டுடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டாக்டர்."

"கம்பி உரசினா வாங்க, நானே எடுத்து விடறேன்னு சொன்னேனா?"

"அதையும் சொன்னீங்க."

"இப்ப பாருங்க. முன்னாடி வந்தப்ப லென்ஸ் வெச்சுப் பாத்ததும் சொன்னேன், கெட்டது இல்லைன்னு. இப்ப எரிச்சு வெச்சிருக்கீங்க. இனிமே கண்ணால பாத்து எதையும் சொல்ல முடியாது. எடுத்து லேபுக்கு அனுப்பித்தான் ஆகணும்."

இதுதான் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். நூல் கட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் களிம்பு பூசுவதும் தோலை மட்டும் கெடுப்பதில்லை. அது என்ன என்று சொல்லும் சாட்சியத்தையே கெடுத்துவிடுகின்றன. நூறில் ஒன்று மருவாகவே இருக்காது. வேகமாகப் பெரிதாவது, தானே ரத்தம் கசிவது, ஓரம் கோணலாகி நிறம் இரண்டு மூன்றாகப் பிரிவது, ஆறாமல் இருப்பது. அப்படி ஒன்று இருந்தால் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பொசுக்கிவிட்டு வந்தால் அவர் எதைப் பார்ப்பார்?

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாக்டர், இது அடுத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது. உங்க முகத்துல இருக்கறது எதுவும் ஒட்டாது. ஒட்டறது பாலுண்ணி. அது கிருமியால வர்றது, கை விரல்ல, பாதத்துல வரும். உங்களுக்கு அது இல்ல. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது. தகரத் தட்டிலிருந்து வந்திருக்கலாம்.

மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் அதைச் சுரண்டி எடுத்தார். எடுத்ததைப் போட்ட குப்பி எங்கள் லேபுக்கே வந்தது. நான் வெட்டவில்லை. என் கூட வேலை செய்பவர் வெட்டினார். சாயம் காய்ந்த பிறகு நான் பார்த்தேன். பொசுங்கிய பகுதிக்குக் கீழே எல்லாம் தெளிவாக இருந்தது. அடிப்பக்கம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. ஓரிடத்தில்கூடக் கீழே இறங்கவில்லை. உள்ளே வட்ட வட்டமாக, வெங்காயத்தை வெட்டி வைத்தது போல அடுக்கடுக்கான முத்துகள். எங்கள் லேப் டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழகா இருக்கே," என்றார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அப்பாவின் மருவைப் பார்த்து அழகு என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த விடுமுறைக்கு நான் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் அன்று வீட்டில் இருந்தார், கட்டுப் போட்டுக்கொண்டு.

சின்னவர் வரவேற்றார். "வாங்கம்மா. அண்ணன் எப்படி இருக்காரு?"

"புண்ணோட இருக்காரு. அவரை ஏன் உள்ள போட்டீங்க?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. அந்த மரு ஒட்டும்னு…"

"யார் சொன்னது?"

சின்னவர் கல்லாவைப் பார்த்தார். கல்லா அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "அவரேதாம்மா சொன்னாரு. டாக்டர்கிட்ட போயிட்டு வந்து, ஒட்டுற மருன்னு சொன்னாரு. நானா ஒண்ணும் இட்டுக்கட்டல."

"ஒட்டு மருன்னு சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? உங்க பையில ஒட்டுப் போட்டுத் தெச்சிருக்கீங்களே, பக்கத்துல இருக்கற பைக்கு அந்த ஒட்டு போயிடுமா?"

அக்கா தன் கைப்பையைப் பார்த்தாள். அதில் உண்மையிலேயே சிவப்பு ஒட்டு ஒன்று இருந்தது. அவள் முகம் மெல்ல மாறியது. உட்கார்ந்தாள். புதுப்பெண் ஒரு பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"அப்ப ஒட்டாதா?" என்றார் சின்னவர்.

"ஒட்டாது. லேபுல பாத்தாச்சு. நானே பாத்தேன்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா வர்றவங்களுக்குப் புரியணுமே. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் விளக்கிட்டு இருக்க முடியுமா?"

"எத்தனை பேர் வந்து சொன்னாங்க, அவர் முகத்தைப் பத்தி?"

சின்னவர் மேசைமேல் இருந்த பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒருத்தர்? ஒரே ஒருத்தர் பேர் சொல்லுங்க."

"கோபப்படாதீங்க. புண் ஆறட்டும். அப்புறம் பாக்கலாம்."

கோபப்படாதீங்க. தவறாகக் கேட்டது அவர்கள். கேட்டதைச் சரிபார்க்காதது அவர்கள். வெந்தது அப்பாவின் தோல். கோபம் மட்டும் எனக்குக் கூடாது.

வீட்டில் அப்பா வருத்தப்பட்டார். "நீ ஏம்மா போன? நான் பேசிக்க மாட்டேனா?"

"எப்ப பேசுவீங்க?"

"பேசியிருப்பேன்," என்றார். நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டே, "அந்தப் பொண்ணு கம்பியை எப்படி வளைக்கறா? பாத்தியா?" என்று கேட்டார்.

புண் ஆறியது. ஆறிய இடத்தில் தோல் வெளுத்துப்போய் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றது. கறுத்த தோலில் பொசுங்கினால் அப்படித்தான் ஆகும், நிறம் திரும்ப ரொம்ப நாள் பிடிக்கும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது. சின்னவர் அதைப் பார்த்தார். "அண்ணே, இது என்ன வெள்ளையா? பரவுற மாதிரி இருக்கே," என்றார். பழுப்பாக இருந்தபோது ஒட்டும். வெள்ளையானதும் பரவும். அப்பா மெஷின் அறைக்கே திரும்பிப் போனார். கப் மட்டும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. கல்லா அக்கா அதைத் தன் கையால் கழுவி, தன் கப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். டீயையும் அவளே ஊற்றிக்கொடுத்தாள். அப்பா குடித்தார். அவர் அப்படிப்பட்டவர். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு டீச்சர் உண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரு காது மேலே, ஒரு காது கீழே, வெளிப்படையாகவே. புதுக் கண்ணாடி வாங்க வந்தார். புதுப்பெண் வளைத்து வளைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை.

"மிளகு எங்க?" என்றார் டீச்சர்.

"உள்ள மெஷின்ல இருக்காரு," என்றார் சின்னவர். "இந்தப் பொண்ணே பாத்துடும் டீச்சர்."

"நானும் அரை மணியா பாத்துட்டு இருக்கேன், இது பாக்கறதை. வழி விடுங்க."

எழுந்து நேரே மெஷின் அறைக்குள் போய்விட்டார். வெள்ளைக் கூழ் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு.

"என்ன மிளகு, கோச்சுக்கிட்டீங்களா? இந்தப் பக்கம் பாருங்க. நீங்க பாக்காம நான் எங்க பாக்கறது?"

அப்பா திரும்பினார். ஒரு கண்ணை மூடினார்.

இதையெல்லாம் அப்பாவே அம்மாவிடம் சொன்னது. அதற்குப் பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராக மெஷின் அறைக்குள் வர ஆரம்பித்தார்கள். கிறீச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்களாம். சின்னவர் தடுக்கவில்லை. ஒரு குண்டு பல்பு மட்டும் கூடுதலாக மாட்டிக்கொடுத்தார். அவ்வளவு தாராளம். நாற்காலியைத் திருப்பித் தரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. போகப் போகத் தருவார்கள் என்று இருந்தார். ஒரு மதியம் மெஷினை அணைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்டவள் கல்லா அக்கா. டீ கொண்டுபோயிருக்கிறாள்.

வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். சின்னவர் கண் கலங்கி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்க கடையோட முகமே அவர்தாம்மா. முன்னாடி அவர் படத்தைப் பெருசா மாட்டப் போறேன்."

நான் கைகளை இழுத்துக்கொண்டேன்.

படம் கடையைப் புதுப்பித்தபோது எடுத்தது. அப்பா உயர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலது நெற்றிப்பொட்டில் அந்த ஒட்டு மரு அப்போதே முளைத்துவிட்டது. சட்டம் போட்டதும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சின்னவர் சொல்லியிருந்ததால்தான் நான் போட்டோக் கடைக்குப் போனேன்.

"முன்னாடி இருந்த படம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன். "தொடாதது."

"கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆனா அதுல எல்லாம் தெரியுமே."

"தெரியட்டும். அதைப் போடுங்க."

"கழுத்துல இருக்கறதை மட்டுமாவது எடுத்துடவா?"

"ஒண்ணையும் எடுக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அச்சிட்டார். காத்திருந்தேன். சட்டத்தைப் பிரித்து, பொம்மையை வெளியே எடுத்து, அப்பாவை உள்ளே வைத்தார். படத்தை நானே கடைக்குக் கொண்டுபோனேன்.

நாற்காலிக்கு நேர் மேலே ஆணி தயாராக இருந்தது. சின்னவர் காகிதத்தைப் பிரித்தார். நின்றுவிட்டார்.

"எடுக்கச் சொல்லியிருந்தேனே. மருவெல்லாம் தெரியுதேம்மா."

"கடையோட முகம்னு சொன்னீங்க. எந்த முகத்தைச் சொன்னீங்க?"

"அதுக்கில்லம்மா. வர்றவங்க பாத்தா…"

"பாத்தா கேப்பாங்க. கேட்டா சொல்லுங்க. ஒட்டாதுன்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தைகூட இல்ல, ஒண்ணுதான்."

அவர் படத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். மாட்டவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. கல்லா அக்கா வந்தாள். லென்ஸ் துடைக்கும் துணியால் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்தாள், அப்பாவின் கன்னம், கண்ணின் கீழ், நெற்றிப்பொட்டு என்று ஒவ்வோர் இடமாக. பிறகு சின்னவர் கையிலிருந்து வாங்கி, ஸ்டூலில் ஏறி, மாட்டினாள். அவர் தடுக்கவில்லை. தடுக்காததைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை.

"நேரா இருக்காம்மா?" என்று அக்கா மேலேயிருந்து கேட்டாள்.

இல்லை. இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. புதுப்பெண் வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, கை காட்டினாள். தூக்கினார்கள். சரியானது.

படம் முன்பக்கம் வந்துவிட்டது. அவர் உயிரோடு இருந்தபோது வந்திருக்க வேண்டிய இடம் அது. அதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்கக் கூடாது.